எண்ணும் மேற்கோட்குறியும்

பல்லவர் தலைநகராய் விளங்கிய காஞ்சிமாநகரம் கோயில்களாலும் பட்டு நெசவாலும் புகழ் பெற்றது. இவ்விரண்டினோடும் மூன்றாவதாகக் கணக்கெழுதும் தொழிலையும் சேர்த்து எண்ணுதல் தகும். கோயில் உள்ள இடத்தில் நிலமும் பொன்னும் நெல்லும் உண்டு. தறி உள்ள இடத்தில் நூலும் சரிகையும் கூலியும் உண்டு. இவற்றை அளந்தும் நிறுத்தும் எழுதிவைக்க ஒருவன் வேண்டுமன்றோ? பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. கச்சிப்பேடு என அந்நாளில் வழங்கிய காஞ்சியில், ஊரகத்துத் திருமால் கோயிலின் பொருளைப் பற்றி அது கூறுகின்றது. நகரில் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளர் அக்கோயிற் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றிருந்தனர் என்பதும், கோயிற்பொன் வட்டிக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் அதனால் விளங்கும். சேரி என்பது அந்நாளில் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பையே குறித்தது. எனவே, காஞ்சியில் தறியும் கணக்கும் ஆயிரம் ஆண்டுகளாக உடன்பிறந்தார் போல வாழ்ந்து வருகின்றன.

பழங்கணக்கைப் படிப்பது எளிதன்று. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்தின் தலையிற் புள்ளி வைப்பதைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவர். இவற்றினும் பெரியதோர் இடர்ப்பாடு உண்டு. தமிழ் எண்களிற் பல, தமிழ் எழுத்துகளின் உருவத்தையே கொண்டவை. ஒன்று என்னும் எண் ககரத்தைப் போன்றது. இரண்டு உகரத்தைப் போன்றது. ஏழு எகரத்தைப் போன்றது. எட்டு அகரத்தைப் போன்றது. பத்து யகரத்தைப் போன்றது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகள் இருந்தமையால், முன்னாளில் இந்த எண்முறைக்குப் பூச்சியம் வேண்டப்படவில்லை. மூவாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு என்பதை ௩௲௨௱௫௰௬ என்று எழுதினர். தொடர்ந்து செல்லும் எழுத்துவரிசையில் இவ்வெண் வருமாயின், எங்கே சொல் முடிந்தது, எங்கே எண் தொடங்கிற்று என்பதைப் படிப்பவன் தன் அறிவாலேயே உணர வேண்டும். கல்வெட்டு அறிஞர் பலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பதிலேயே செலவிட்டனர்.

எண் இவ்வாறாக, ஒருவர் கூற்றை மற்றவர் எடுத்துரைக்குமிடத்து இட வேண்டிய மேற்கோட்குறி நம் பழைய ஏடுகளில் முற்றும் இல்லை. அக்குறி மேலைநாட்டார் அச்சுக்கலையோடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாக ஆண்ட பின்னரே அவை தமிழில் வேரூன்றின. ஆயினும் குறி இல்லாத காலத்தில் தமிழர் இடர்ப்பட்டனர் என எண்ணுதல் பிழை. ‘என’, ‘என்று’ என்னும் இடைச்சொற்களே அப்பணியைச் செய்தன. ‘மழை வரும் என்றான்’ எனும்போது, ‘என்று’ வந்தவுடன் கூற்று முடிந்தது என்பது தெளிவாகின்றது. தொல்காப்பியர் இடையியலில் ‘என’ என்னும் சொல் வரும் இடங்களைத் தொகுத்துரைக்கையில், எண்ணுப் பொருளையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ‘நிலம் என நீர் என’ என்று பொருள்களை அடுக்கி எண்ணுவதற்கும் அச்சொல்லே பயன்படும். கூற்றை முடிப்பதும் எண்ணிக் கூறுவதும் ஒரே சொல்லின் தொழிலாக அமைந்தது வியக்கத்தக்கது. ஆனால் ஒரு குறையுண்டு. கூற்று முடியும் இடத்தை அச்சொல் காட்டுமேயன்றித் தொடங்கும் இடத்தைக் காட்டாது. கேட்பவன் மனிதனாதலின் அதனை உய்த்துணர்ந்துகொள்கின்றான்.

உய்த்துணர இயலாத ஒன்றினிடம் இன்று கணக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. அதுவே கணிப்பொறி. அதில் கணக்கெழுதும் ஏட்டிற்கு விரிதாள் என்று பெயர். 1979ஆம் ஆண்டு விசிகால்க் என்னும் விரிதாள் வெளிவந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985இல் எக்செல் வந்தது. எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றே. நெடுக்கும் குறுக்குமாகக் கோடிட்ட கட்டங்கள் இருக்கும். நெடுவரிசைக்கு ஏ, பி, சி என்று பெயர். கிடைவரிசைக்கு 1, 2, 3 என்று எண். பி என்னும் வரிசையில் இரண்டாவதாக உள்ள கட்டம் பி2 ஆகும். ஒரு கட்டத்தில் எண்ணை எழுதலாம், எழுத்தை எழுதலாம், அல்லது சமக்குறியிட்டுத் தொடங்கி ஒரு சூத்திரத்தை எழுதலாம். சூத்திரம் என்னும் வடசொல்லுக்கு நூல், இழை என்பன பொருள். நெசவாளர் கணக்கிற்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது.

காஞ்சியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கர் ஒருவர் கூலிச்சீட்டுத் தயாரிக்கின்றார் எனக் கொள்க. சங்கம் பட்டு நூலையும் சரிகையையும் நிறுத்துக் கொடுக்கும். நெசவாளர் தம் இல்லத்துத் தறியில் நெய்து, புடவையைக் கொணர்ந்து ஒப்படைப்பர். புடவையை நிறுத்துக் கணக்குப் பார்த்துக் கூலி வழங்கப்படும். ஒரு புடவைக்குரிய கூலி எண்ணாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் ஐம்பது காசு. கணக்கர் அதனைப் பி2 என்னும் கட்டத்தில் எழுதியிருக்கின்றார். கட்டமும் அதனை 8,450.50 என்று அழகாகக் காட்டுகின்றது. சீட்டில் முழுத் தொடராக அச்சிட விரும்பி, அவர் இவ்வாறு சூத்திரம் எழுதினார்:

="கூலி ரூபாய் "&பி2

இதன்கண் உள்ள & என்பது இணைப்புக்குறி. இலத்தீன் மொழியில் ‘உம்’ என்னும் பொருள்தரும் ‘எட்’ என்ற சொல்லின் இரண்டெழுத்தும் பின்னிப் பிணைந்து உண்டான வடிவம் அது. காஞ்சிப் புடவையில் உடல் வேறு, கரை வேறு ஊடையால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்படுவதைக் கோர்வை என்பர். இக்குறியும் எழுத்தையும் எண்ணையும் கோர்வை செய்கின்றது. ஆனால் சீட்டில் அச்சான தொடரோ, ‘கூலி ரூபாய் 8450.5’ என்பதாகும்.

சீட்டைக் கையில் வாங்கிய முதியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். “தம்பி, புள்ளிக்குப் பின்னே ஐந்து என்றன்றோ இருக்கின்றது? அரை ரூபாயைக் காணோமே!” என்றார். “இல்லை பெரியவரே, அஃது ஐம்பது காசுதான், பொறி அவ்வாறு காட்டுகின்றது” என்றார் கணக்கர். முதியவர், “பொறி காட்டினால் ஆயிற்றா? சீட்டை வீட்டிற்குக் கொண்டுபோனால் பேரன் ஐந்து காசு என்றுதானே படிப்பான்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நூறு காசு கொண்ட ரூபாய் வழக்கிற்கு வருமுன், ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவிற்குப் பன்னிரண்டு பை. ரூபாய், அணா, பை என மூன்று பத்தியில் எழுதிய அக்கணக்கில், ரூபாயை அடுத்து நின்ற ஐந்து என்பது ஐந்து அணாவே. ஒரு புள்ளிக்குப் பின் நிற்கும் ஐந்து, ஐம்பதாகும் என்பது பழகிய பின்பே புலப்படும். அரை ரூபாய் சிறுதொகைதான். எனினும் கூலிச்சீட்டின்மேல் ஐயம் பிறந்துவிட்டால், சரிகை நிறுத்த தராசின்மேலும் ஐயம் பிறக்கும்.

பிழை எங்கே நிகழ்ந்தது? கட்டம் காட்டிய 8,450.50 என்பது எண் உடுத்திய உடை மட்டுமே. பொறியின் நினைவில் இருப்பது 8450.5 என்னும் வெற்றெண். இணைப்புக்குறி உடையைப் பாராது. உள்ளிருக்கும் எண்ணையே எடுத்துக் கோக்கும். ஆகவே எண்ணுக்கு மீண்டும் உடை உடுத்த வேண்டும். அதற்கென அமைந்த செயற்பெயர் ‘டெக்ஸ்ட்’ என்பது.

="கூலி ரூபாய் "&டெக்ஸ்ட்(பி2,"#,##0.00")

இப்போது ‘கூலி ரூபாய் 8,450.50’ என்று அச்சாகும். அடைப்புக்குள் முதலில் எண் இருக்கும் கட்டமும், காற்புள்ளிக்குப் பின் எண் உடுக்க வேண்டிய கோலமும் எழுதப்படுகின்றன. கோலத்தில் 0 நிற்குமிடத்தில் இலக்கம் கட்டாயமாக அச்சாகும். அங்கே இலக்கம் இல்லையெனில் பூச்சியம் வந்து இடத்தை நிரப்பும். # நிற்குமிடத்தில் இலக்கம் இருந்தால் அச்சாகும். இல்லையேல் அவ்விடம் மறைந்துவிடும். எழுநூறு கிராம் எடையைக் கிலோவில் எழுதும்போது 0.000 என்னும் கோலம் 0.700 என்று காட்டும், #.### என்னும் கோலமோ தலையும் காலுமின்றி .7 என்று காட்டும். நிறுத்துக் கொடுக்கும் பட்டிற்கும் சரிகைக்கும் முன்னதே ஏற்றது என்று சொல்ல வேண்டுவதில்லை.

கூலிச்சீட்டோடு கவலை தீர்ந்தபாடில்லை. மாத முடிவில் சங்கத்தின் விற்பனைத்தொகை 1254300 ரூபாய் என்று கொள்க. மேற்கூறிய கோலம் இதனை 1,254,300 என்று மும்மூன்று இலக்கமாகப் பிரிக்கும். அது மில்லியன் கணக்கில் எண்ணும் மேலைநாட்டார் முறை. நம் நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து 12,54,300 என்று எழுதி, பன்னிரண்டு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முந்நூறு எனப் படிப்போம். காற்புள்ளி நின்ற இடத்தில் நாவும் நின்று ‘லட்சம்’, ‘ஆயிரம்’ என்று சொல்லும். பிரிவு மாறினால் படிப்பவன் நாத் தடுமாறும். கணிப்பொறியின் வட்டார அமைப்பில் இந்திய முறையைத் தேர்ந்திருந்தால் பழைய கோலமே லட்சத்தைச் சரியாகப் பிரிக்கும். அவ்வாறு இல்லாத பொறியில் பின்வரும் நீண்ட கோலத்தைக் கையாள்வர்:

"[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0"

பார்வைக்கு அச்சம் தருவதாயினும் இதன் பொருள் எளிது. அரைப்புள்ளிகளால் இது மூன்று கூறாகப் பிரிந்துள்ளது. எண் கோடியை எட்டினால் முதற்கூறு, லட்சத்தை எட்டினால் இரண்டாங்கூறு, எஞ்சியவற்றிற்கு மூன்றாங்கூறு. சாய்ந்த கோடு, ‘அடுத்து வரும் காற்புள்ளியை உள்ளவாறே அச்சிடுக’ என்னும் கட்டளை. இக்கோலம் வரவிற்கு நன்கு உதவும். கடனைக் கழித்தற்குறியோடு எழுதினால் அது மூன்றாங்கூற்றில் வீழ்ந்து மீண்டும் மேலைநாட்டு முறையிலேயே பிரியும். நட்டக்கணக்கு எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

இனி மேற்கோட்குறிக்கு வருவோம். சூத்திரத்திற்குள் ‘கூலி ரூபாய்’ என்னும் சொற்களை ஏன் குறிக்குள் அடைக்க வேண்டும்? அடைக்காது எழுதினால், பொறி அவற்றை ஏதோ ஒரு கட்டத்தின் பெயரென்றோ செயலின் பெயரென்றோ கருதித் தேடும். கிடைக்காமையால் பெயர் தெரியவில்லை என்னும் பிழைக்குறியைக் காட்டி நின்றுவிடும். குறிக்குள் இருப்பது உரை; வெளியே இருப்பது கட்டளை. கூற்று முடியும் இடத்தை மட்டும் காட்டும் தமிழ் ‘என்று’ இங்கே போதாது. தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு காவலர் வேண்டும்.

அவ்வாறாயின், உரைக்குள்ளேயே ஒரு மேற்கோட்குறி வர வேண்டியிருந்தால் என் செய்வது? புடவையின் கரைப்பெயரைக் குறிக்குள் இட்டு, கரை: "தாழம்பூ ரேக்கு" என்று சீட்டில் அச்சிட வேண்டுமென்க. ‘தாழம்பூ’வுக்கு முன் உள்ள குறியைக் கண்டவுடன், உரை முடிந்தது என்று பொறி மயங்கும். இம்மயக்கத்தை நீக்க ஒரு விதி செய்துள்ளனர்: உரைக்குள் வரும் மேற்கோட்குறியை இரட்டித்து எழுதுக, பொறி அதனை ஒன்றாகவே அச்சிடும்.

="கரை: ""தாழம்பூ ரேக்கு"", கூலி ரூ. "&டெக்ஸ்ட்(பி2,"#,##0.00")

கரைப்பெயர் ஏ2 என்னும் கட்டத்தில் இருந்தால், சூத்திரம் இப்படி அமையும்:

="கரை: """&ஏ2&""", கூலி ரூ. "&டெக்ஸ்ட்(பி2,"#,##0.00")

இங்கே மூன்று குறிகள் ஒருங்கே நிற்கக் கண்டு மலைக்க வேண்டா. ‘கரை’யை அடுத்து நிற்கும் மூன்றனுள் முதலிரண்டும் அச்சாக வேண்டிய ஒரு குறி; மூன்றாவது, உரையை முடிக்கும் காவலன். ‘கூலி’க்கு முன் நிற்கும் மூன்றனுள் முதலாவது உரையைத் தொடங்குவது, எஞ்சிய இரண்டும் அச்சாகும் ஒரு குறி. மேற்கோட்குறி மட்டுமே தனித்து அச்சாக வேண்டுமாயின் நான்கு குறிகளை இட வேண்டும்: நடுவில் இரண்டு, இருபுறமும் காவலாக இரண்டு. கட்டுரை எழுதும் மென்பொருள் சிலவற்றில் மேற்கோட்குறி தானாகவே வளைந்து அழகிய வடிவம் கொள்ளும். அங்கே எழுதிய சூத்திரத்தை விரிதாளில் கொணர்ந்து ஒட்டினால் அது வேலை செய்யாது. நேராக நிற்கும் குறியையே பொறி அறியும். வளைந்த குறிக்கு வேறு எண்.

குறிக்கு எண்ணா என வியக்கலாம். கணிப்பொறிக்குள் எழுத்தும் எண்ணாகவே உறைகின்றது. நேர் மேற்கோட்குறியின் எண் 34. தமிழ் உட்பட உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுக்கும் யூனிக்கோடு முறையில் ககரத்தின் எண் 2965. அதே வடிவினதாய்த் தோன்றும் தமிழ் எண் ஒன்றுக்கு 3047. கல்வெட்டு அறிஞர் பட்ட இடர்ப்பாடு இங்கே இல்லை. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் பொறிக்கு அவை இரண்டே.

எண்ணை எழுத்தாக்குவதில் பெருந்தீங்கு ஒன்றும் உண்டு. ‘டெக்ஸ்ட்’ தரும் விடை எண் அன்று, எழுத்து. கணக்கர் அழகை விரும்பி, கூலி வரிசை முழுவதையும் அதனால் மாற்றிவிட்டு, அடியில் கூட்டுத்தொகை கேட்டாரெனில் பொறி 0 என்று விடை கூறும். எழுத்தாகிய கட்டங்களைக் கூட்டற்செயல் கண்டுகொள்ளாது தாண்டிச் சென்றுவிடும். பிழை என்றும் சொல்லாது. ஒரு மாதம் முழுவதும் தறியில் அமர்ந்த அத்தனை பேர் கூலியும் பூச்சியமாகி நிற்கும். எனவே எண்ணை அதன் வரிசையிலேயே எண்ணாக விட்டுவைத்து, சீட்டிற்குரிய தொடரை வேறொரு வரிசையில் அமைப்பதே முறை.

இதற்கு மறுதலையான தீங்கும் உண்டு. அஃது எழுத்தாக இருக்க வேண்டியதை எண்ணாகக் கொள்வது. கூலி இப்போது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகின்றது. வங்கிக் கணக்கெண் கூட்டிக் கழிப்பதற்குரியதன்று. அது பெயரைப் போன்றது. அவ்வெண் பூச்சியத்தில் தொடங்குமாயின், கட்டத்தில் எழுதிய உடனே முதலிலுள்ள பூச்சியம் பொருளற்றதென நீக்கப்படும். பதினைந்து இலக்கத்திற்கு மேற்பட்டதாயின், எக்செல் பதினைந்தோடு நிறுத்தி, எஞ்சிய இலக்கங்களைப் பூச்சியமாக்கிவிடும். அத்தகைய பட்டியலை வங்கிக்கு அனுப்பினால், பணம் உரியவரைச் சேராது. திருவிழாவுக்கு முன்தினம் நெசவாளர் வங்கி வாயிலில் நின்று திரும்ப நேரும். இதனைத் தடுக்கும் காவலும் ஒரு மேற்கோட்குறியே. கணக்கெண்ணுக்கு முன்னால் ஒற்றைக்குறி ஒன்றை ' என்று இட்டு எழுதினால், பொறி அதனை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும்; அக்குறி அச்சில் தோன்றாது. தொடக்கக் காலத்து விசிகால்க்கிலும் இலக்கத்தில் தொடங்கும் பெயரை எழுத இரட்டைக்குறியை முதலில் இட்டனர். ஆகவே இது பழைய வழக்கமே.

நாளும் இவ்வாறே ஏமாற்றும். எக்செல் ஒவ்வொரு நாளையும் 1900ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி எண்ணி வைத்திருக்கின்றது. 2024 சனவரி 1ஆம் நாளை இணைப்புக்குறியால் தொடரிற் சேர்த்தால், ‘புடவை பெற்ற நாள் 45292’ என்று அச்சாகும். 1947 ஆகஸ்டு 15 என்பது அதற்கு 17394. நாளுக்கும் ‘டெக்ஸ்ட்’ கொண்டு கோலம் வகுத்தல் வேண்டும். இவ்வகை மயக்கம் கற்றறிந்த அறிவியலாரையும் விட்டதில்லை. மனித உடலின் மரபணுக்களுள் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ எனச் சுருக்கப்பெயர் கொண்டவை இருந்தன. விரிதாள் அவற்றை மார்ச்சு மாதத்து முதல் நாளாகவும் செப்டம்பர் முதல் நாளாகவும் மாற்றிவிட்டது. ஆராய்ச்சிப் பட்டியல்கள் பல இதனாற் பழுதுபட்டமையால், பெயரிடும் குழுவினர் 2020ஆம் ஆண்டில் அத்தகைய மரபணுக்களுக்கு வேறு பெயரிடும் நெறியை வெளியிட்டனர். பொறி திருந்தும்வரை காத்திராமல் பெயரையே மாற்றினர் என்பது நகைப்பிற்கிடமாயினும், வேறு வழி அவர்க்கு அப்போது இல்லை.

நம் முன்னோர் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதினர். கடன்சீட்டிலும் கிரயப்பத்திரத்திலும் இன்றும் அவ்வழக்கம் நின்று நிலவுகின்றது. எண்ணில் ஒரு பூச்சியத்தைச் சேர்ப்பது எளிது. சொல்லிற் சேர்ப்பது அரிது. எக்செல்லில் தொகையைச் சொல்லாக மாற்றும் செயல் தாய்லாந்து மொழிக்கு உண்டு. அந்நாட்டு நாணயமாகிய பாட்டின் பெயரால் அது வழங்குகின்றது. தமிழுக்கு அத்தகைய செயல் அதில் அமைக்கப்படவில்லை. ஆதலின் நம் கணக்கர், அச்சான சீட்டின் அடியில் பேனாவினால், ‘ரூபாய் எண்ணாயிரத்து நானூற்று ஐம்பதும் காசு ஐம்பதும் மட்டும்’ என்று எழுதிக் கொடுத்தார். முதியவர் அதனை இருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.